ஏஆர் ஆப் செய்யப் பழக: பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன், ஜாவா ஓரளவு தெரியும். கோவையில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் 40 மணி நேர மொபைல் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது கேமராக் காட்சியில் கணினி உருவங்களை நிறுத்துவது) செய்முறைப் பயிற்சியில் சேரலாமா? குன்னூர் மலை ரயிலைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கும் ஆப் ஒன்று செய்ய ஆசை. 8 ஜிபி ராம் லேப்டாப்பும் 12,000 ரூபாய் ஆண்ட்ராய்டு போனும் போதுமா?

பதில்: லேப்டாப் இருக்கட்டும், முதலில் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஏஆர் ஓட கூகுளின் ஏஆர்கோர் மென்பொருள் வேண்டும். கேமராவையும் அசைவை உணரும் சென்சார்களையும் மாடல் மாடலாகச் சோதித்த பிறகே கூகுள் ஒரு போனைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. விலை குறைந்த சில போன்களில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பே இருக்காது. ‘ஏஆர்கோர் சப்போர்ட்டட் டிவைசஸ்’ என்று கூகுளில் தேடி, உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் போனை மாற்றுங்கள். காட்சியில் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும் ‘டெப்த் ஏபிஐ’க்கு ஆதரவு உண்டா என்பதும் அதே பட்டியலில் இருக்கும். அது ஏன் வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

ஏஆர் ஆப் செய்யும் மென்பொருளான யூனிட்டி 8 ஜிபி ராமில் திறக்கும். ஆனால் பில்ட் போடும் (செய்ததைப் போனில் ஓடும் ஆப்பாக மாற்றும்) நேரத்தில் பிரவுசரைக்கூட மூடி வைக்க வேண்டியிருக்கும். 16 ஆக்க முடிந்தால் நல்லது. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால் எஸ்எஸ்டி மாற்றுவது அதைவிட அவசரம். யூனிட்டியும் அதன் ஆண்ட்ராய்டு மாட்யூல்களும் 10 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். யூனிட்டி பெர்சனல் இலவசம். ஜாவா தெரிந்தவருக்கு, யூனிட்டியில் எழுதும் மொழியான சி ஷார்ப் பெரிய தடையாக இருக்காது.

பயிற்சி நிலையத்தில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘சீன்ஃபார்ம்’ என்று இருந்தால் கூகுள் கைவிட்ட கருவியைப் பாடமாக விற்கிறார்கள் என்று பொருள். ‘ஏஆர் செஷன் ஆரிஜின்’ என்று இருந்தால் பாடம் பழையது, யூனிட்டியின் ஏஆர் தொகுப்பான இன்றைய ஏஆர் ஃபவுண்டேஷனில் அந்த இடத்தில் ‘எக்ஸ்ஆர் ஆரிஜின்’ இருக்கிறது. முதல் நாளே உங்கள் சொந்தப் போனில் ஏபிகே (ஆப் கோப்பு) ஏறுமா, ஆளுக்கொரு லேப்டாப் உண்டா, அறைக்கு வெளியே ஒரு வகுப்பாவது நடக்குமா? இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். சுவரில் புரொஜெக்டர், முன்னால் ஒருவர் பட்டன்களைச் சொல்லிக்கொண்டே போவது என்றால் அது யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. வேலை உறுதி என்ற வாக்குறுதிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் முதல் பில்டை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். யூனிட்டி ஹப்பில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்போடு ஆண்ட்ராய்டு பில்ட் சப்போர்ட், எஸ்டிகே, என்டிகே, ஓப்பன் ஜேடிகே எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். பேக்கேஜ் மேனேஜரில் ஏஆர் ஃபவுண்டேஷன், கூகுள் ஏஆர்கோர் எக்ஸ்ஆர் பிளக்-இன் இரண்டையும் ஒரே பதிப்பு எண்ணில் நிறுவுங்கள். பிளேயர் செட்டிங்ஸில் மினிமம் ஏபிஐ லெவல் 24 அல்லது அதற்கு மேல், ஸ்கிரிப்டிங் பேக்கெண்ட் ஐஎல்2சிபிபி, ஆர்க்கிடெக்சர் ஏஆர்எம்64. சீனில் ஏற்கெனவே இருக்கும் மெயின் கேமராவை நீக்கிவிட்டு ஏஆர் செஷன், எக்ஸ்ஆர் ஆரிஜின் இரண்டையும் சேர்த்து, ஆரிஜின்மேல் ஏஆர் ப்ளேன் மேனேஜரையும் (தரை, சுவர் போன்ற பரப்புகளைக் கண்டறிய) ஏஆர் ரேகாஸ்ட் மேனேஜரையும் (திரையில் தொட்ட புள்ளி காட்சியில் எங்கே படுகிறது என்று அறிய) வையுங்கள்.

ஆப் திறந்ததும் திரை கறுப்பாக நின்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். எக்ஸ்ஆர் பிளக்-இன் மேனேஜ்மென்டில் ஆண்ட்ராய்டு டேபில் ஏஆர்கோர் டிக் ஆகியிருக்காது. பலர் கம்ப்யூட்டர் டேபில் டிக் செய்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். யூஆர்பி (யூனிட்டியின் ஒரு வரைகலை முறை) புராஜெக்ட் என்றால் ரெண்டரரில் ‘ஏஆர் பேக்ரவுண்ட் ரெண்டரர் ஃபீச்சர்’ சேர்க்கப்பட்டிருக்காது. இரண்டும் சரியென்றால் கேமரா அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். அதற்கும் மசியவில்லையென்றால் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து போனின் பிழைப் பதிவைக் காட்டும் ‘ஏடிபி லாக்கேட்’ வரிகளைப் படியுங்கள்.

இதுவரை சொன்னது மென்பொருள் அமைப்பு. பணம் கொடுத்துக் கற்கத் தகுந்தது டிராக்கிங். கேமரா தன் இடத்தை எப்படி அறிகிறது, எப்போது தவறவிடுகிறது என்பது. படத்தில் மாறுபாடு தெரியும் புள்ளிகளை ஏஆர்கோர் பிடித்து, போன் நகரும்போது அவை எவ்வளவு இடம் மாறுகின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. நின்ற இடத்திலேயே போனைச் சுற்றினால் அந்தக் கணக்குக்குப் போதிய இடமாற்றம் கிடைக்காது. இரண்டடி பக்கவாட்டில் நகர வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர், ஈரத்தில் பளபளக்கும் தரை, மங்கிய வெளிச்சம் எல்லாமே புள்ளிகளைக் குறைக்கும். மூடுபனி இறங்கினால் மாறுபாடே போய்விடும். லென்ஸில் படியும் ஈரமும் அதே வேலையைச் செய்யும், துடைக்க ஒரு துணி பையில் இருக்கட்டும்.

தேயிலைச் சரிவில் இன்னொரு சிக்கல். ப்ளேன் கண்டறிதல் தேடுவது மேசை, தரை, சுவர் போன்ற கிடைமட்ட, செங்குத்துப் பரப்புகளை. சாய்ந்த சரிவு அதில் எளிதில் அகப்படாது. காற்றில் ஆடும் செடிகளில் புள்ளிகளும் நிலைக்காது. அங்கே ரேகாஸ்ட்டை ப்ளேனுக்குப் பதில் டெப்த்மேல் விட வேண்டும். அரை மீட்டர் முதல் 5 மீட்டர் வரை டெப்த் நன்றாக வரும். வைத்த பொருளை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் ஏஆர் ஆங்கரைக் கொடுக்க மறந்தால், ஏஆர்கோர் தன் வரைபடத்தைத் திருத்தும்போதெல்லாம் அது மெல்ல நழுவும்.

உங்கள் ரயில் ஆப்பை ஸ்டேஷனில் தொடங்காமல் படம் அச்சிட்ட ஒரு அட்டையில் தொடங்குங்கள். இமேஜ் டிராக்கிங்கில் கேமரா அட்டையை அடையாளம் கண்டு அதன்மேல் மாடலை நிறுத்தும். கல்லாறிலிருந்து குன்னூர்வரை நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தையும் அதைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்தையும் காட்டினாலே பயணிகள் நிற்பார்கள். ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதை அது. மாடலில் பாதையை 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்த்தால் போதும். யூனிட்டியில் 1 யூனிட் என்பது 1 மீட்டர். நீலகிரி ரயில் மீட்டர் கேஜ் என்பதால் முழு அளவு மாடலில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி சரியாக 1 யூனிட் இருக்க வேண்டும், 20இல் ஒரு பங்கு மாடலில் 5 செ.மீ. 3டி மாடல் செய்யும் பிளெண்டரிலிருந்து எஃப்பிஎக்ஸ் கோப்பைக் கொண்டுவரும்போது மாடல் 100 மடங்கு பெரிதாகவோ குப்புறவோ வந்தால், ஏற்றுமதிக்கு முன் அப்ளை டிரான்ஸ்ஃபார்ம் செய்யவில்லை என்று அர்த்தம்.

அட்டைப் படம் குறைந்தது 300க்கு 300 பிக்சல் இருக்கட்டும். கோடுகளும் மூலைகளும் நிறைந்த, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராத படம் வேண்டும். பச்சை மலைச்சரிவின் போட்டோ அழகாக இருக்கும், டிராக்கிங்குக்கு உதவாது. கூகுளின் ‘ஏஆர்கோர்ஐஎம்ஜி’ (arcoreimg) கருவி 100க்கு மதிப்பெண் தரும், 75க்குக் கீழ் என்றால் படத்தை மாற்றுங்கள். அட்டை 10 செ.மீ. அகலம் என்றால் யூனிட்டியின் இமேஜ் லைப்ரரியில் 0.1 (மீட்டர்) என்று எழுதுங்கள். முதலில் அடையாளம் காண, அட்டை கேமராக் காட்சியில் கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். ஈரத்துக்குப் பயந்து இங்கே எல்லாவற்றையும் லேமினேட் செய்கிறோம். பளபளப்பு லேமினேஷன் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் படத்தை மறைக்கும், மேட் கேளுங்கள்.

முழு அளவு எஞ்சினை நிறுத்துவதாக இருந்தால் சமமான திறந்த மைதானத்தில் செய்யுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பவர்கள்தான் அதிகம். தண்டவாளமும் மலை விளிம்பும் அதற்கு இடமல்ல.

தொட்டபெட்டாவில் நின்று எதிர்மலைகளுக்குப் பெயர் ஒட்டும் ஜியோஸ்பேஷியல் ஏபிஐ பக்கம் கடைசியாகப் போகலாம். அதற்கு இணையம் வேண்டும், ஸ்ட்ரீட் வியூ படங்கள் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ்ஸையும் திசைமானியையும்தான் நம்ப வேண்டியிருக்கும். திசை 5 டிகிரி பிசகினால் 1 கி.மீ. தூரத்தில் பெயர்ப்பலகை சுமார் 87 மீட்டர் தள்ளி நிற்கும். ஏபிஐ தரும் ஹெடிங் (திசை) துல்லிய எண்ணைச் சோதித்து, மோசமாக இருந்தால் பெயரைக் காட்டாமல் இருப்பது நல்லது.

பிளே ஸ்டோரில் ஏற்ற ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிய தனிநபர் கணக்குகளுக்கு 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து க்ளோஸ்டு டெஸ்டிங் (அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைச் சோதிப்பது) நடத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த 12 பேரின் போன்களும் ஏஆர்கோர் பட்டியலில் இருக்கட்டும். ஐபோனுக்கு மேக் கம்ப்யூட்டர் தேவை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.