லேப் பூட்டியிருந்தாலும் கம்ப்யூட்டர் கத்துக்கலாம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல என்னதான் செய்ய வைக்கிறதுங்கிற கேள்விதான். அதனால மொபைல் ரிப்பேர், பிரிண்டர் பிரச்சினை எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இது மட்டும் பாத்துடலாம்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர்ல ஏஐ, ரோபோட்டிக்ஸ், கோடிங் மூணும் ஆறு மாசத்துல சொல்லித் தர்றோம், 40,000 ரூபாய்ங்கிறாங்க. சேர்த்து விடலாமா?
– ஒரு தந்தை, சங்கரன்கோவில்

அவசரப்பட்டு கட்டிடாதீங்க சார். முதல்ல அங்க போய், போன பேட்ச் பசங்க செஞ்சதை காட்டுங்கன்னு கேளுங்க. இருபது பசங்களும் ஒரே மாதிரி கார் செஞ்சு வெச்சிருந்தா அது கிட்டுல வந்ததை மாட்டுனது, அதுல பையன் யோசிக்க ஒண்ணுமே இல்ல. ஆளுக்கு ஒண்ணா, கோணல்மாணலா, சொந்தமா செஞ்சு வெச்சிருந்தாங்கன்னா அப்ப யோசிக்கலாம்.

அதுக்கு முன்னாடி காசே இல்லாம ஒரு மாசம் ஸ்க்ராட்ச்ல விட்டுப் பாருங்க, கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கியே புரோகிராம் செய்யுற இலவச சாஃப்ட்வேர் அது. அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல மிட்செல் ரெஸ்னிக் குழு 2007ல வெளியிட்டது, 8ல இருந்து 16 வயசுக்காரங்களுக்காகவே செஞ்சது, நெட் இல்லாமலும் ஓடுற வெர்ஷன் இருக்கு. யூடியூப் பாத்து பூனையை ஓட விடுறதோட நிறுத்தாம, தாயம் உருட்டுற புரோகிராம் ஒண்ணு செய்யச் சொல்லுங்க. ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் ராண்டம் நம்பர், ரெண்டையும் கூட்டணும், கூட்டி 0 வந்தா 12னு காட்டணும் (உங்க ஊர் ஆட்டத்துல வேற மாதிரின்னா அந்த மாதிரி). இது ஓடுனதும் ஆயிரம் தடவை உருட்ட விட்டு எது எத்தனை தடவை விழுதுன்னு எண்ணச் சொல்லுங்க. மொத்தம் 16 விதமா விழலாம், அதுல தாயம் ரெண்டே விதம், பன்னெண்டு ஒரே ஒரு விதம், மூணு மட்டும் நாலு விதம், அதனாலதான் மூணு அடிக்கடி விழுது. இதை அவனா கண்டுபிடிச்சு உங்ககிட்ட ஓடி வந்து சொன்னான்னா பையனுக்கு இதுல ஆர்வம் இருக்குன்னு அர்த்தம், அப்புறம் சென்டரைப் பத்தி பேசிக்கலாம்.

எங்க ஸ்கூல் லேப்ல ஓடுற சிஸ்டம் நாலே நாலு. கிளாஸ்ல 42 பிள்ளைங்க. மத்தியானம் கரண்டும் போயிடுது. இதை வெச்சுக்கிட்டு என்ன ஆக்டிவிட்டி கொடுக்க முடியும்?
– கணித ஆசிரியை, அறந்தாங்கி பக்கம்

டீச்சர், நியூசிலாந்துல கேன்டர்பரி யுனிவர்சிட்டி டிம் பெல், கூட இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் சேர்ந்து 1990கள்லயே கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித் தர்ற ஆக்டிவிட்டியா போட்டு வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டுன்னு பேரு, எல்லாமே இலவசம். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அட்டை வித்தை.

ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கலர், அப்படி 36 அட்டை வெட்டிக்கோங்க, பழைய கல்யாணப் பத்திரிகையே போதும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு 25 அட்டையை அஞ்சுக்கு அஞ்சா இஷ்டப்படி அடுக்கச் சொல்லுங்க. "இது ரொம்ப ஈஸியா இருக்கே, இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்"னு சொல்லிக்கிட்டே நீங்க ஓரத்துல ஒரு வரிசையும் கீழ ஒரு வரிசையும் சேருங்க. ஆனா சும்மா சேர்க்கக் கூடாது, குறுக்கயும் நெடுக்கயும் ஒவ்வொரு வரிசைலயும் கலர் அட்டை இரட்டைப்படையா வர்ற மாதிரி பாத்து வைக்கணும். அப்புறம் நீங்க திரும்பி நின்னுக்கோங்க, ஒரு பிள்ளை வந்து ஏதாவது ஒரு அட்டையை மட்டும் திருப்பி வைக்கட்டும். திரும்பிப் பாத்தா, குறுக்க ஒரு வரிசைல ஒற்றைப்படை வரும், நெடுக்க ஒரு வரிசைல ஒற்றைப்படை வரும், ரெண்டும் சேர்ற இடத்துல இருக்குற அட்டைதான் திருப்புனது. நீங்க டக்குனு கை வைக்கிறப்போ கிளாஸே கத்தும் பாருங்க. எப்படின்னு உடனே சொல்லிடாதீங்க, ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கட்டும்.

கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், செல்போன் சிக்னல்லயும் ஹார்டு டிஸ்க்லயும் வர்ற தப்பை மெஷின் கண்டுபிடிக்கிறதுக்கு அடிப்படை இந்த யோசனைதான்னு சொல்லுங்க, சொல்லிட்டு மறுநாள் எல்லாரையும் ஒரு பிஸ்கட் கவரோ சோப்பு கவரோ கொண்டு வரச் சொல்லுங்க. பார்கோடுக்கு கீழ 13 நம்பர் இருக்கும், இந்தியால பதிவு பண்ண கம்பெனியோடதுன்னா 890ல ஆரம்பிக்கும். முதல் நம்பரை 1ஆல, ரெண்டாவதை 3ஆல, மூணாவதை 1ஆல, நாலாவதை 3ஆலன்னு மாத்தி மாத்தி பெருக்கி எல்லாத்தையும் கூட்டுனா கடைசில 0ல முடியணும். உதாரணத்துக்கு சும்மா 8901234567890னு ஒரு நம்பர் வெச்சுப் பாருங்க, 130 வரும், அப்ப சரி. ஒரு நம்பரை மாத்துனாலும் 0 வராது. பக்கத்து பக்கத்து நம்பர் ரெண்டு இடம் மாறுனாலும் பெரும்பாலும் மாட்டிக்கும், ஆனா சில ஜோடி மட்டும் தப்பிச்சுடும். அது எந்த ஜோடின்னு பிள்ளைங்களையே தேட விடுங்க (உங்களுக்கு மட்டும் சொல்றேன், வித்தியாசம் 5 இருக்குற ஜோடி, 1ம் 6ம், 2ம் 7ம் மாதிரி). ஆதார் நம்பர்ல கடைசி இலக்கமும் இப்படி சரிபாக்குறதுக்குத்தான், ஆனா அது 1969ல ஜேக்கபஸ் வெர்ஹோஃப்ங்கிற டச்சுக்காரர் கண்டுபிடிச்ச வேற முறை, அதுல இந்த இடமாத்தம் எல்லாமே மாட்டிக்கும். அதுக்காக பிள்ளைங்களை ஆதார் கார்டு கொண்டு வரச் சொல்லிடாதீங்க, பிஸ்கட் கவரே போதும்.

நாலு சிஸ்டத்துல ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேர்னு 12 பேர் உக்காரட்டும், மத்த 30 பேர் அட்டையும் கவருமா வெளிய இருக்கட்டும், அடுத்த வாரம் மாத்திக்கலாம்.

நான் ஒன்பதாவது. வீட்ல அம்மா போன் மட்டும்தான், அதுவும் ராத்திரி ஒரு மணி நேரம். பைத்தான் கத்துக்க முடியுமா?
– மாணவி, போடி

தாராளமா முடியும்மா, பைத்தான் கம்ப்யூட்டருக்கு கட்டளை எழுதுற ஒரு மொழிதானே. ஆண்ட்ராய்டு போன்னா பைட்ராய்டுன்னு ஆப் இருக்கு, நெட் இல்லாமலே ஓடும். நம்ம ஸ்டேட் போர்டு பன்னெண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல பைத்தான்தான் பாடம், தமிழ் மீடியம் புத்தகமே இலவசமா டவுன்லோடு பண்ணிக்கலாம், அதுல அஞ்சாவது பாடத்துலதான் பைத்தான் ஆரம்பிக்குது, அங்க இருந்து படி, ஒன்பதாவது படிக்கிற உனக்கே புரியும். போன் கையில இல்லாத நேரத்துல நோட்டுல எழுதி வெச்சுக்கோ, போன் கிடைச்சதும் டைப் பண்ணி ஓட்டிப் பாரு, இந்தப் பழக்கம் பின்னாடி ரொம்ப உதவும்.

ஆரம்பம் முடிஞ்சதும் இதை செஞ்சு பாரு. அம்மாங்கிற சொல்லைக் கொடுத்து நீளம் எத்தனைன்னு பைத்தான்கிட்ட கேளு. நமக்கு மூணு எழுத்து, பைத்தான் அஞ்சுங்கும். ஏன்னா அது அ ஒண்ணு, ம ஒண்ணு, புள்ளி ஒண்ணு, மறுபடி ம ஒண்ணு, கால் ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணுது, யூனிகோடுல (கம்ப்யூட்டர்ல எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் கொடுக்குற முறை) தமிழ் அப்படித்தான் வெச்சிருக்கு. அடுத்து விகடகவியைக் கொடுத்து, திருப்பிப் போட்டாலும் அதேதானான்னு கேளு. இல்லைன்னு சொல்லும்! தமிழ் தெரிஞ்ச யாரும் ஒத்துக்க மாட்டாங்க இல்லையா, அப்ப நீதான் அதுக்கு சொல்லித் தரணும். கொம்பு, கால், புள்ளி மாதிரி எது வந்தாலும் முன்னாடி இருக்குற எழுத்தோட ஒட்டிடுன்னு நாலு வரி எழுதுனா போதும், விகடகவி சரியா வந்துடும். அப்புறம் க்ஷ, ஸ்ரீ ரெண்டும் தகராறு பண்ணும், அதையும் சரி பண்ணு. இதுக்குன்னே ஓப்பன்-தமிழ்னு ரெடிமேட் லைப்ரரி (மத்தவங்க எழுதி வெச்ச கோடுத் தொகுப்பு) இருக்கு, ஆனா நீயா எழுதி முடிச்சதுக்கு அப்புறம் அதைப் பாரும்மா, அப்பத்தான் அவங்க எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு தெரியும்.

என் பொண்ணு பத்தாவது. நோட்டு பூரா சிக்குக்கோலமா போட்டு வெச்சிருக்கா. கோலத்தை விட்டுட்டு கோடிங் படின்னு அவ மாமா திட்டிட்டே இருக்கார். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையா?
– ஒரு அம்மா, காரைக்குடி

சகோதரி, இந்தக் கடிதத்தைப் படிச்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. சம்பந்தம் இருக்கான்னா கேக்குறீங்க? தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருத்திவாசன், மூணு பேரும் 1974லயே கோலத்தை இலக்கண விதியா எழுதி, அதை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆராய்ச்சி இதழ்ல கட்டுரையாவே போட்டிருக்காங்க. ஒரு சின்ன துண்டு, அதை எப்படி நீட்டணும், எங்க சேர்க்கணும்னு சில விதி, அதை வெச்சு எவ்வளவு பெரிய கோலமும் வரவைக்கலாம்னு காட்டுனாங்க. உங்க பொண்ணு நோட்டுல செய்யுறதும் அதேதான், விதியை எழுதி வைக்கல அவ்வளவுதான்.

எழுதி வைக்க பைத்தான்லயே டர்டில்னு ஒண்ணு இருக்கு, ஸ்க்ரீன்ல ஒரு ஆமை கோடு போட்டுக்கிட்டே போகும். இந்த ஆமையோட பூர்வீகம் சீமோர் பாபர்ட்டும் அவரோட ஆளுங்களும் பசங்களுக்காக 1967ல ஆரம்பிச்ச லோகோ மொழி. முதல் கோலமா 1-3-1 புள்ளி வெச்ச சிக்குக்கோலம் போடச் சொல்லுங்க. ஆமையை இடது பக்கம் 45 டிகிரி திருப்பணும், அப்புறம் 100 அடி நேரா போ, 20 ஆரம் உள்ள வட்டத்துல 270 டிகிரி சுத்து, இந்த ரெண்டு கட்டளையை நாலு தடவை திருப்பிச் சொன்னா போதும். நாலு மூலைலயும் காது வெச்ச கட்டம் ஒரே இழைல வந்து, ஆரம்பிச்ச இடத்துலயே முடியும். காதுக்குள்ள ஒவ்வொரு புள்ளி, நடுவுல ஒரு புள்ளி. 270ஐ 300 ஆக்கி நாலு தடவையை ஆறு தடவை ஆக்குனா ஆறு காது வரும், ஏன் வருதுன்னு அவளே யோசிப்பா, அவளுக்கு கோணம் அத்துப்படியாயிடும்.

அடுத்து இன்னொரு வேலை, இது நோட்டுலயே செய்யலாம். கட்டமா புள்ளி வெச்சு, பக்கத்து பக்கத்து புள்ளிக்கு நடுவுல எல்லா இடத்துலயும் இழை குறுக்க வெட்டிப் போற மாதிரி போடணும். 3க்கு 4 புள்ளி வெச்சா மொத்தக் கோலமும் ஒரே இழை. 4க்கு 4 வெச்சா நாலு தனி இழை. 4க்கு 6 வெச்சா ரெண்டு. என்ன கணக்குன்னு பாத்தா அந்த ரெண்டு எண்ணோட மீப்பெரு பொது வகுத்தி! பத்தாவது கணக்குப் புத்தகத்துல இருக்குறது கோலத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கு. இதை அவகிட்ட சொல்லாதீங்க, பத்து கோலம் போட்டு பட்டியல் எழுதச் சொல்லுங்க, அவளா பிடிச்சுடுவா. அவ மாமாகிட்ட மட்டும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு தானா தண்ணி விடுற தொட்டி செய்யணும். ஆர்டுயினோ வாங்குறதா, மைக்ரோபிட் வாங்குறதா?
– பத்தாம் வகுப்பு மாணவர்கள், ஓசூர்

ரெண்டுமே கோடு எழுதி ஓட்டுற சின்ன எலெக்ட்ரானிக் போர்டுதான், வாங்குறதுக்கு முன்னாடி டிங்கர்கேட்ங்கிற வெப்சைட்ல ரெண்டையும் சும்மாவே ஓட்டிப் பாருங்கப்பா, அதுலயே ஒயர் மாட்டி, கோடு எழுதி, எல்இடி எரியுதான்னு பாக்கலாம். பிபிசி 2016ல இங்கிலாந்து பசங்களுக்கு பத்து லட்சம் மைக்ரோபிட் இலவசமா கொடுத்துச்சு, போர்டுலயே 25 எல்இடி, ரெண்டு பட்டன் எல்லாம் இருக்கும், ஒயர் வேலை கம்மி. மோட்டார், ரிலேன்னு (சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) நிறைய மாட்டணும்னா ஆர்டுயினோ சௌகரியம். பக்கத்து ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் இருந்தா ஹெச்எம் மூலமா கேட்டுப் பாருங்க, மத்திய அரசு அந்த மாதிரி லேப்புக்கு 20 லட்சம் வரைக்கும் கொடுத்திருக்கு, போர்டு சும்மா கிடக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், மண் ஈரம் பாக்க ரெண்டு ஆணி மாதிரி இருக்குற சென்சாருக்கு எந்நேரமும் கரண்ட் கொடுத்தா சீக்கிரமே அரிச்சுப் போயிடும், அளக்குற நொடில மட்டும் கரண்ட் போற மாதிரி கோடு எழுதுங்க.

எங்க பையன் ப்ராஜெக்ட் எல்லாத்தையும் ஏஐகிட்ட கேட்டே முடிச்சுடுறான். தடுக்கவா வேண்டாமா?
– பெற்றோர், சேலம்

எழுதி வாங்கிட்டு அப்படியே கொடுக்குறதை கண்டிப்பா தடுங்க. அது கொடுத்த கோடுல ஒரு வரியைக் காட்டி இது எதுக்குன்னு கேளுங்க, சொல்லத் தெரியலைன்னா அந்த வரி இருக்கக் கூடாதுன்னு வீட்ல ஒரு சட்டம் போட்டுடுங்க. அதோட ஏஐ எப்படி கத்துக்குதுன்னு அவனே பாக்கட்டும். படம் காட்டி ஏஐயைப் பழக்குற கூகுளோட டீச்சபிள் மெஷின் பிரவுசர்லயே ஓடும், வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் வித்தியாசம் கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. வேப்பிலையை வெள்ளை பேப்பர் மேல வெச்சும் கறிவேப்பிலையை சிமெண்ட் தரைல வெச்சும் படம் எடுத்து பழக்கிட்டு, அப்புறம் ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுக் காட்டட்டும். இலையைப் பாக்காம தரையைப் பாத்தே அது பதில் சொல்ல வாய்ப்பு நிறைய இருக்கு. அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்னு அதுக்கு அப்புறம் அவனாவே கேப்பான்.

கம்ப்யூட்டர்ல ஒலிம்பியாட் இருக்காமே? கோடிங் தெரியாதவங்க எழுதலாமா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், திருவாரூர்

எழுதலாம் தம்பி. முதல் கட்டம் சோனல் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட், பேப்பர் பேனா பரீட்சை, வழியை யோசிச்சு விடை எழுதுனா போதும். அதுல தேறுனா அடுத்து தேசிய அளவு, அங்க சி++ மாதிரி ஒரு புரோகிராமிங் மொழி தெரிஞ்சிருக்கணும், நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தா உனக்கு பதினொன்றாவதுலயே சி++ பாடம் இருக்கு. கடைசில நாலு பேர் இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டிக்குப் போவாங்க, அது 1989ல பல்கேரியால ஆரம்பிச்சது. பழைய கேள்வித்தாள் எல்லாம் நெட்ல இலவசமா கிடைக்குது, வாரத்துக்கு ஒரு கணக்கு எடுத்து ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரோட உக்காந்து போட்டுப் பாரு, விடை வந்துட்டாலும் இதைவிட சுருக்கமா வேற வழி இருக்கான்னு தேடிட்டு அடுத்த கணக்குக்குப் போ.