மெதுவானவருக்கு நேரம் கொடுங்கள், தம்பி

தம்பி, டொரண்டோ வந்து முதல் குளிர்காலமே இன்னும் முடியவில்லை. அதற்குள், "சக்கர நாற்காலியில் ஒருவர் பஸ்ஸில் ஏற எல்லாரும் காத்திருக்கிறார்கள், தெருமுனையில் கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கின்றன, நானும் இப்படி மாறித்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். மாறத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் நிதானமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காலை எட்டரை மணிக்கு புளூர்-யங் சப்வே நிலையத்தில் போய் நில்லுங்கள், அவசரம் என்றால் என்னவென்று தெரியும். அதே ஆட்கள்தான், தங்களைவிட மெதுவான ஒருவர் எதிரே வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தி, சாய்தளத்தை இறக்குகிறார். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை உள்ள நீல இருக்கைகளில் இருப்பவர்கள் எழுந்து, இருக்கையை மடக்கி இடம் விடுகிறார்கள். நாற்காலி உள்ளே வந்து, திரும்பி, சரியாக நின்ற பிறகுதான் வண்டி நகர்கிறது. அதற்குள் நாலு பேர் மணி பார்ப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏறுபவர் காதில் விழும்படி யாரும் உச்சுக் கொட்டமாட்டார்கள். மதுரையில் என் பெரியம்மாவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகு, "சீக்கிரம் ஏறும்மா" என்று கண்டக்டர் போடும் சத்தத்துக்குப் பயந்தே பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்குக்கூடப் போகவில்லை. அவரை நினைத்துக்கொள்வதாலோ என்னவோ, அந்தச் சில நிமிடங்கள் எனக்கு எரிச்சலாக இருந்ததே இல்லை.

சாலையில் இதையெல்லாம் நம் நல்ல மனசை நம்பி விட்டுவைக்கவில்லை, சட்டமே போட்டிருக்கிறார்கள். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கவேண்டும். தாண்டிப் போனால், முதல் தடவையே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், ஓட்டுநர் பதிவில் ஏறும் 6 டிமெரிட் (தண்டனை) புள்ளிகள். தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் நின்று ஆட்கள் ஏறி இறங்கும்போது, அங்கே பயணிகளுக்கென்று தனி மேடை இல்லையென்றால், அதன் பின்கதவுக்கு 2 மீட்டர் பின்னாலேயே காரை நிறுத்தவேண்டும். பாதசாரிக் கடவையிலும், காவலர் நிற்கும் பள்ளிக் கடவையிலும், நடப்பவர் சாலை முழுவதையும் கடந்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் நம் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டம். உங்கள் பக்கத்தைத் தாண்டிவிட்டாரே என்று கிளம்பக்கூடாது. கைத்தடியோடு ஒரு பாட்டி பனியில் அடிமேல் அடி வைத்துக் கடக்கும்போது, பின்னால் ஒரு கார் உறுமினால் அவர் கால் தடுமாறும். அதைப் பார்த்திருக்கிறேன்.

நாலு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திப்புதான் புதிதாக வருபவர்களைக் குழப்புவது. முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும். இருவர் ஒன்றாக வந்தால், வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். சக்கரம் முழுதாக நிற்கவேண்டும், மெல்ல உருட்டிக்கொண்டே போவது ஆகாது. அப்புறம் ஒன்று: உங்கள் முறை வந்துவிட்டால் தயங்காமல் போய்விடுங்கள். மரியாதைக்காக "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கைகாட்டிக்கொண்டிருந்தால், நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக பிரேக் போடுவார்கள்.

நடக்கும்போதும் அப்படித்தான். பனி விலக்கிய நடைபாதை ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும். எதிரே தள்ளுவண்டியில் குழந்தையோடு யாராவது வந்தால், நீங்கள்தான் பனியில் கால்வைத்து ஒதுங்கவேண்டும். பூட்ஸ் நனைந்தால் நனையட்டும்.

ஜி1 என்ற பழகுநர் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை வைத்து ஓட்ட, முழு உரிமமும் நாலு வருட அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். எனக்கு அது இருக்கிறது. ஞாயிறு காலையில் ஸ்கார்பரோவின் உள்தெருக்களில் நெரிசல் இருக்காது, ஸ்டாப் பலகைகளுக்கும் பஞ்சமில்லை. சொல்லுங்கள், நான் வருகிறேன்.