ஒரே ஸ்டீரியோ பீட், அதன் மேல் ராப்: மிக்ஸிங் கேள்வி பதில்

பீட், அதாவது பாடுவதற்கான பின்னணி இசை, ஒரே ஸ்டீரியோ ஃபைலாக வந்திருக்கிறது. ட்ரம்ஸ் தனி, பேஸ் தனி என்று பிரித்த ஸ்டெம்கள் கையில் இல்லை. அதன் மேல் ராப் பாடி மிக்ஸ் செய்வது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். பலர் குரல் ட்ராக்கில் என்ன ப்ளக்கின் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்) போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் பீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணா, குரலை எவ்வளவு ஏற்றினாலும் பீட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மாஸ்டர் மீட்டரோ சிவப்பில் எரிகிறது. என்ன செய்வது?

பீட்டை இறக்குங்கள். விற்பனைக்கு வரும் பீட்கள் பெரும்பாலும் லிமிட்டரில் (ஒலியின் உச்சத்தை ஓர் எல்லைக்குள் அடக்கும் ப்ளக்கின்) நசுக்கப்பட்டு, உச்சம் எல்லையான 0 டெசிபலைத் தொட்டுக்கொண்டுதான் வருகின்றன. வாங்குபவருக்கு முதல் கேட்பிலேயே பிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்கு மேல் குரலைச் சேர்க்க இடமே கிடையாது.

பீட்டை 6 முதல் 10 டெசிபல் வரை குறையுங்கள். ஃபேடரில் (ட்ராக்கின் வால்யூம் நகர்த்தி) குறைப்பதைவிட க்ளிப் கெயினில் (ப்ளக்கின்களுக்கு முன்பே க்ளிப்பின் அளவை மாற்றுவது) குறைப்பது நல்லது. அப்போதுதான் பீட்டில் போடும் ப்ளக்கின்களுக்கும் குறைந்த அளவு போகும், ஃபேடரும் 0-க்குப் பக்கத்திலேயே இருக்கும். குரலை 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி பதிவு செய்தால் போதும். எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில் லிமிட்டர் ஏதாவது இருந்தால் கடைசி வரை அணைத்து வையுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி 8 டெசிபல் இறக்கினேன். பீட் செத்துப் போன மாதிரி இருக்கிறது. பேஸே கேட்கவில்லை.

பீட் அப்படியேதான் இருக்கிறது, காதுதான் ஏமாற்றுகிறது. சத்தம் குறையும்போது கீழ் ஸ்தாயி ஒலிகளை நம் காது இன்னும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். ஹெட்ஃபோன் வால்யூமை அதே அளவுக்கு ஏற்றிவிட்டுக் கேளுங்கள், பேஸ் திரும்பி வந்துவிடும். பீட்டில் பேஸ் ஏற்றுவதற்கு ஈக்யூவை (ஃப்ரீக்வென்சி வாரியாக ஏற்றி இறக்கும் ப்ளக்கின்) தொட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குரலுக்கு இடம் விட பீட்டில் எந்த ஃப்ரீக்வென்சியை வெட்ட வேண்டும்? 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டினேன், வார்த்தை தெளிவானது. ஆனால் ஸ்நேர் ட்ரம் பொத்தலாகிவிட்டது.

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். வார்த்தைகளின் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஸ்நேரின் அறையும் சத்தமும் கிட்டத்தட்ட அங்கேதான். ஸ்டெம்கள் இருந்தால் சின்த் ட்ராக்கை மட்டும் வெட்டிவிட்டு ஸ்நேரை விட்டுவிடலாம். ஒரே ஃபைலில் அது முடியாது, எல்லாமே சேர்ந்துதான் வெட்டுப்படும். அதனால்தான் ஸ்நேர் பல்லிழந்தது.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டீரியோவின் நடுவையும் ஓரங்களையும் தனித்தனியாக மாற்றும் மிட்-சைட் ஈக்யூ. உங்கள் குரல் நடுவில் இருக்கிறது, பேட்களும் (நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலிகள்) கிட்டார்களும் பெரும்பாலும் ஓரங்களில். நடுவில் மட்டும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமாக 2 டெசிபல் இறக்கினால் ஓரங்களின் பளபளப்பு அப்படியே இருக்கும். ஆனால் ஸ்நேரும் நடுவில்தான் இருக்கும் என்பதால், 2 டெசிபலைத் தாண்டினால் பழைய பிரச்சினையே திரும்ப வரும்.

அடுத்தது டைனமிக் ஈக்யூ. பீட் ட்ராக்கில் அதைப் போட்டு, சைட்செயினுக்கு (அதை இயக்கும் வெளி சிக்னல்) குரலைக் கொடுங்கள். நீங்கள் பாடும்போது மட்டும் அந்தப் பகுதி இறங்கும், மூச்சு விடும் இடத்தில் பழையபடி ஏறிவிடும். இறக்கம் 3 டெசிபலுக்குள் இருக்கட்டும். ரிலீஸை (பழையபடி ஏற எடுக்கும் நேரம்) மிக வேகமாக வைத்தால் ஒவ்வொரு அசைக்கும் பீட் துடிப்பது கேட்கும். 100 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, காசும் ஆகாது: வால்யூம் ஆட்டோமேஷன். வெர்ஸில் (சரணம்) பீட்டை 1 டெசிபல், ஒன்றரை டெசிபல் இறக்குங்கள். ஹூக் (பல்லவி) வரும்போது பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். கேட்பவருக்கு இறக்கியது தெரியவே தெரியாது, ஹூக் மேலே எழும்புவது மட்டும் தெரியும். இதைச் செய்யாமல் ஈக்யூவோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்புறம், குரலில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றிப் பளபளப்பு சேர்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ட்ராப் பீட்களில் அங்கே ஹை-ஹேட் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதோடு போட்டி போடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் எம்பி3 பீட் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா?

320 கேபிபிஎஸ் என்றால் தாராளமாகச் செய்யலாம். 128 என்றால் வழக்கமாக 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே மேல் பகுதி துண்டிக்கப்பட்டிருக்கும், ஹை-ஹேட் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல் இருக்கும். கடைசியில் லிமிட்டர் போடும்போது அது இன்னும் அசிங்கமாகும். பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் வேவ் ஃபைலைக் கேளுங்கள்.

இன்னொன்று. எம்பி3-யின் தொடக்கத்தில் என்கோடர் சேர்க்கும் சிறு மௌனம் இருக்கும், சாதாரணமாக 25 மில்லிசெகண்ட் அளவுக்கு. சில மென்பொருள்கள் அதைத் தாமே நீக்கிவிடும், சில நீக்காது. டெம்போ சரியாகப் போட்டும் கிரிட்டில் பீட் உட்காரவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கலாம். முதல் கிக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, கோட்டில் இழுத்து வையுங்கள்.

கேள்வி: ப்ரோ, பீட் திடீரென்று வேகமாக ஓடுகிறது, ஸ்ருதியும் ஏறிவிட்டது. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ் உள்ள ஃபைலை 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட்டில் மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள். சுமார் 9 சதவீதம் வேகமாகும், ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். இம்போர்ட் செய்யும்போது சாம்பிள் ரேட்டை மாற்றச் சொல்லுங்கள். பாடிய பிறகு கண்டுபிடித்தால் வயிறு எரியும், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்ரஸர் செட்டிங் சொல்லுங்கள் சார். குரல் பீட்டோடு ஒட்டாமல் கரோக்கி மாதிரி மேலே மிதக்கிறது.

செட்டிங்கை விடக் காரணத்தை முதலில் சொல்கிறேன். பீட் ஏற்கெனவே அழுத்தப்பட்டது, அதில் சத்தம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. உங்கள் குரலோ ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை ஏறி இறங்குகிறது. குரலும் அந்த அளவுக்கு அடர்த்தியானால்தான் இரண்டும் ஒரே பாட்டு போல் கேட்கும்.

ஒரே கம்ப்ரஸரில் (சத்தமான இடங்களை அழுத்தி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) 10 டெசிபல் அழுத்தாமல் இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 1176 என்ற பிரபல கம்ப்ரஸர் வகை வேகமானது, 4:1 விகிதம், உச்சங்களில் 3 முதல் 5 டெசிபல். அடுத்து எல்ஏ-2ஏ என்ற இன்னொரு கம்ப்ரஸர் வகை மெதுவானது, 2 அல்லது 3 டெசிபல். 1176-ல் அட்டாக் (அழுத்தத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ்: 7 என்பதுதான் மிக வேகம். இது தெரியாமல் பலர் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

ஆனால் இதற்கும் முன்னால், க்ளிப் கெயினில் வரி வரியாகச் சரிசெய்யுங்கள். மூச்சு தீரும்போது வரியின் கடைசி இரண்டு வார்த்தைகள் தேய்ந்துபோகும். ராப்பில் ரைம் விழுவதே அங்கேதான், அது காணாமல் போகக் கூடாது. கம்ப்ரஸர் ‘ஸ’, ‘ச’ ஒலிகளைத் தூக்கிவிடும் என்பதால் அதற்குப் பின்னால் அவற்றை அடக்கும் டீ-எஸ்ஸர், 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை தேடிப் பாருங்கள். கொஞ்சம் சாச்சுரேஷனும் (லேசான சிதைவால் ஒலியைத் தடிமனாக்குவது) உதவும். அறை எதிரொலியோடு பதிவான குரல் என்றால் இவ்வளவும் அந்த எதிரொலியைத்தான் பெரிதாக்கும். அதற்கு மறுபடி பாடுவதுதான் வழி.

கேள்வி: ரிவெர்ப் எவ்வளவு?

நீங்கள் நினைப்பதில் பாதி. பீட்டுக்குள்ளேயே ரிவெர்ப் இருக்கிறது. ஒரு செகண்டுக்குக் குறைவான சின்ன ரூம் அல்லது ப்ளேட், 20 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி). இடம் நிறைய வேண்டுமென்றால் டிலே (சொல்லைத் தள்ளித் திரும்ப ஒலிக்கச் செய்வது) போடுங்கள். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லிசெகண்டில் வரும். 90 பிபிஎம்முக்கு 667, அதில் பாதி 333. வெர்ஸ் முழுக்க ஓட விடாமல் வரியின் கடைசி வார்த்தைக்கு மட்டும் அனுப்புங்கள். டிலேயின் அடியையும் மேலையும் வெட்டிவிட்டால் அடுத்த வரியோடு மோதாது.

கேள்வி: டபுள், ஆட்-லிப் எல்லாம் போட்டேன். வார்த்தை குழம்பிவிட்டது.

டபுளை (அதே வரியை மறுபடி பாடி அடியில் வைப்பது) எல்லா இடத்திலும் போட்டிருப்பீர்கள். ரைம் சொற்களுக்கும் அழுத்தம் வேண்டிய இடங்களுக்கும் மட்டும் வையுங்கள், முதன்மைக் குரலைவிட 6 டெசிபலாவது கீழே. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், டீ-எஸ்ஸரைக் கடுமையாகப் போடுங்கள். ‘ப’, ‘ட’, ‘க’ எல்லாம் இரண்டு முறை தட்டினால் குழப்பம்தான், டபுளில் அவற்றைக் கொஞ்சம் தேய்த்துவிடலாம். ஆட்-லிப்பை (இடையிடையே போடும் கூவல்கள், சிறு சொற்கள்) இடம் வலமாகத் தள்ளுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து டபுள் என்று வைக்காதீர்கள், அது சத்தத்தை மட்டும்தான் கூட்டும்.

கேள்வி: பீட்டை ஏஐ கொண்டு பிரித்து மிக்ஸ் செய்தால் என்ன? பாட்டை ட்ரம்ஸ், பேஸ் என்று பிரிக்கும் டெமுக்ஸ், ஸ்ப்ளீட்டர் எல்லாம் இருக்கின்றனவே?

பிரித்ததை வைத்து முழுப் பீட்டையும் மறுபடி கட்டாதீர்கள். சிம்பல்களிலும் சின்த்களின் வால் பகுதியிலும் சலசலப்பு வரும். மூல ஃபைலை அப்படியே ஓடவிட்டு, பிரித்தெடுத்த ட்ரம்ஸை மட்டும் அடியில் மெல்லச் சேருங்கள். மேலே கேட்ட ஸ்நேர் நண்பருக்கு இது உதவும். நேரம் துல்லியமாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் ஸ்நேர் இன்னும் மெலியும்.

கேள்வி: பீட்டில் தயாரிப்பாளர் பெயர் சொல்லும் டேக் வருகிறது. எப்படி நீக்குவது?

உரிமம் வாங்கி, டேக் இல்லாத ஃபைலைப் பெற்று.

கேள்வி: ஹெட்ஃபோனில் அருமை, ஃபோன் ஸ்பீக்கரில் குரல் மட்டும்தான் கேட்கிறது. குரலைக் குறைக்கவா?

உடனே குறைக்காதீர்கள். ஃபோன் ஸ்பீக்கரில் 808-இன் (ராப் பீட்களின் ஆழமான பேஸ் ஒலி) அடி வராது, அதனால் எந்த ராப் பாட்டிலும் குரல் தூக்கலாகத்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்த வெளியான பாட்டு ஒன்றை அதே ஃபோனில் போட்டு ஒப்பிடுங்கள். அதிலும் குரல் அதே அளவு தூக்கலாக இருந்தால் சரி, விட்டுவிடலாம். இல்லையென்றால் மிக்ஸை மோனோவில், மிகக் குறைந்த சத்தத்தில் கேட்டு, குரல் ஃபேடரை அரை டெசிபல் அளவில் நகர்த்துங்கள்.

கேள்வி: கடைசியில் எவ்வளவு சத்தத்துக்கு ஏற்ற வேண்டும்? மைனஸ் 14 என்கிறார்களே?

மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்பது ஸ்பாட்டிஃபை வழக்கமாக ஒலிபரப்பும் அளவு, நீங்கள் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே நசுங்கிய பீட் என்பதால் மாஸ்டர் லிமிட்டரில் 2, 3 டெசிபலுக்கு மேல் வெட்ட விடாதீர்கள். ட்ரூ பீக்கை (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். கிக் விழும்போதெல்லாம் குரல் உள்ளே போய் வருகிறதா என்று கேளுங்கள், போனால் லிமிட்டரை இன்னும் தளர்த்த வேண்டும்.