இரண்டாம் ஆண்டு ரிசீவருக்கு எத்தனை டாலர் கொடுக்கலாம்?

கேள்வி: அலுவலக நண்பர்கள் நடத்தும் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் (என்.எஃப்.எல். என்ற அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளி வாங்கும் விளையாட்டு) இந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 200 டாலர் ஏலக் காசு, ஒரு பந்து பிடித்தால் ஒரு புள்ளி. அரிசோனா கார்டினல்ஸ் அணியின் இரண்டாம் ஆண்டு ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியரை வைத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. 2025 சீசனில் வெடிக்கப்போகிறார் என்று பாதிப் பேர், அப்பா பெயரில் ஓடுகிற வண்டி என்று மீதிப் பேர். பயிற்சி வீடியோக்களில் அசத்துகிறார். அணியின் பயிற்சி முகாமுக்குள் ஆள் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் 49 டாலருக்கு உள்தகவல் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஹாரிசனுக்கு எவ்வளவு வரை போகலாம்? ஏலம் ஆகஸ்ட் மூன்றாவது வாரம்.
- வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: உள்தகவல் வேண்டவே வேண்டாம். ஹாரிசனுக்கு 20 டாலர் வரை போங்கள். 25-ஐத் தொட்டால் கையை இறக்கிவிடுங்கள், யார் என்ன கிண்டல் செய்தாலும்.

உங்கள் குழுவில் நடக்கும் சண்டை முழுக்க அவருடைய திறமையைப் பற்றியது. ஆனால் உங்களுக்குப் புள்ளி வாங்கித் தரப்போவது அவர் பக்கம் எத்தனை பந்து வருகிறது என்பதுதான். வைட் ரிசீவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று, ஓடி, பந்தைப் பிடிப்பவர். பயிற்சியாளர் பாஸ் ஆட்டம் சொல்ல வேண்டும், முன்வரிசை தாங்க வேண்டும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இவர் பக்கம் திரும்ப வேண்டும். இதில் எதுவும் இவர் கையில் இல்லை.

2024-இல் ஹாரிசனை நோக்கி வந்த பந்துகள் 116. பிடித்தது 62, கடந்த தூரம் 885 யார்டு, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் 8. அதே அணியின் டைட் எண்ட் (முன்வரிசையை ஒட்டி நின்று பந்தும் பிடிப்பவர்) டிரே மெக்பிரைடை நோக்கி வந்தவை 147. அவர் பிடித்தது 111. 2025 ஏப்ரலில் மெக்பிரைடுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அவ்வளவு கொட்டிக் கொடுத்த ஆளுக்குப் பந்து போடாமல் இருப்பார்களா? ஹாரிசன் வெடிப்பார் என்று சொல்கிற நண்பரிடம், அந்தக் கூடுதல் பந்துகள் யார் கணக்கிலிருந்து குறையப்போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அப்பா பெயர் விஷயத்துக்கு வருவோம். மூத்த ஹாரிசன் கோல்ட்ஸ் அணிக்காக 2002-இல் ஒரே சீசனில் 143 பந்துகள் பிடித்தவர், தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். எல்லாருக்கும் அந்த 143 தெரியும். அவருடைய முதல் ஆண்டைப் பாருங்கள்: 1996-இல் 64 பந்து, 836 யார்டு, 8 டச்டவுன். மகனுடைய கணக்கும் ஏறக்குறைய அதேதான். அடுத்த இரண்டு ஆண்டுகள் அப்பா எடுத்த யார்டு 866, அப்புறம் 776. குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் 1998-இல்தான் வந்தார். 1999-இல் மூத்தவர் 1,663-க்குத் தாவினார். அப்பா கதையைச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்கள் நடுவில் இருந்த அந்த இரண்டு சாதாரண ஆண்டுகளை விழுங்கிவிடுகிறார்கள்.

பெயருக்கு எவ்வளவு கூடுதல் விலை போகிறது என்று தெரிய இன்னொரு கணக்கு. 2024 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஹாரிசன் 4-ஆவது ஆள், ஜாக்சன்வில்லின் பிரையன் தாமஸ் ஜூனியர் 23-ஆவது ஆள். உங்கள் லீக் விதிப்படி போட்டால் (பிடிக்கு 1, பத்து யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6) ஹாரிசனுக்கு 198.5 புள்ளி. தாமஸ் 87 பந்து, 1,282 யார்டு, 10 டச்டவுன், அதாவது 275 புள்ளி. அதோடு ஹாரிசனின் புள்ளிகள் சீராகவும் வரவில்லை. முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு பந்து, நான்கு யார்டு. அடுத்த வாரம் 130 யார்டு, முதல் கால்பகுதியிலேயே இரண்டு டச்டவுன். இப்படிப்பட்டவரை உங்கள் அணியின் முதல் ரிசீவராக வைத்தால் ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்காது. இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் 10 டாலரே போதுமே, 20 எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டாம் ஆண்டில் எழுந்தவர்களும் உண்டு. சியாட்டிலின் ஜாக்சன் ஸ்மித்-நிஜிக்பா 2023-இல் 628 யார்டு, மறு ஆண்டு 1,130. கவனியுங்கள், அவரை நோக்கி வந்த பந்துகளும் 93-லிருந்து 137 ஆயின.

வீடியோக்களைப் பொறுத்தவரை, பார்த்து ரசியுங்கள், காசு வைக்காதீர்கள். முகாம்களில் எதைப் படமெடுக்கலாம் என்று அணி நிர்வாகங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. முழு அணியாக ஆடும் பகுதியைப் பெரும்பாலும் எடுக்க விடுவதில்லை. உங்கள் கைக்கு வருவது ஒருவருக்கு ஒருவர் பயிற்சி: ஒரு ரிசீவர், அவரைத் தடுக்கும் ஒரு கார்னர்பேக், அவ்வளவுதான். குவார்ட்டர்பேக் மேல் யாரும் பாய்வதில்லை, பின்னால் காக்கும் சேஃப்டியும் கிடையாது. மைதானம் முழுக்க ரிசீவருக்குத்தான். அங்கே அசத்தாத ரிசீவரைத்தான் தேட வேண்டும். தசை ஏற்றி வந்த படமும் அப்படியே.

கெட்ட செய்திக்கும் இது பொருந்தும். 2021 ஆகஸ்டில் சின்சினாட்டியின் ஜமார் சேஸ், வாஷிங்டனுக்கு எதிரான முன்னோட்ட ஆட்டத்தில் மூன்று பந்துகளை நழுவவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு என்.எஃப்.எல். பந்தில் இல்லாததால் பார்ப்பது கடினம் என்று வேறு சொல்லிவைக்க, ஊரே சிரித்தது. அந்த சீசனில் அவர் 1,455 யார்டு, 13 டச்டவுன்.

ஆகஸ்டில் ஒரே ஒரு வகைச் செய்திக்கு மட்டும் காது கொடுங்கள்: அதே அணியில் பந்து வாங்கும் பெரிய ஆளுக்கு அடிபட்டால். 2023-இல் ராம்ஸ் அணியின் கூப்பர் கப்புக்குப் பயிற்சியில் தொடைத் தசை பிடித்தது. முதலில் சில நாளில் சரியாகும் என்றார்கள். பிறகு இன்னும் கொஞ்ச நாள் என்றார்கள். கடைசியில் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் இல்லை. அந்தப் பந்துகள் எங்காவது போக வேண்டுமே? ஐந்தாம் சுற்றில், 177-ஆவதாக எடுக்கப்பட்ட புகா நகுவாவிடம் போயின. முதல் ஆட்டத்தில் அவரை நோக்கி 15, பிடித்தது 10. இரண்டாவதில் பிடித்தது 15. சீசன் முடிவில் 105 பந்து, 1,486 யார்டு, அப்போது புதுமுகங்களில் சாதனை. டிராஃப்டில் 177 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் அவரைத் தொடவில்லை. கப்பின் தொடையைப் பார்த்தவர்கள் ஒரு டாலருக்கு வாங்கினார்கள். கவனம், இது புதுமுகத்தின் முகாம் வீடியோவால் வந்த முடிவு இல்லை, மூத்தவரின் காயத்தால் வந்தது. மெக்பிரைடுக்கு அப்படி ஏதாவது ஆனால், கடவுள் காப்பாற்ற, ஹாரிசனுக்கு நான் சொன்ன 25 செல்லாது, 30 கூடப் போகலாம். ஒரு நாள் ஓய்வு, லேசான பிடிப்பு என்று வரும் செய்தியெல்லாம் இதில் சேராது.

இப்போது அந்த 49 டாலர் ஆசாமி. வருடா வருடம் இந்த மாதத்தில் இவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கார்டினல்ஸ் முகாம் நடப்பது கிளெண்டேலில், ரசிகர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டேடியத்தில். நிருபர்கள் கண்டதை அங்கேயே இலவசமாக எழுதுகிறார்கள். அதை எடுத்து டெலிகிராமில் ஒட்டி உங்களிடம் விற்பதுதான் ‘உள்தகவல்’.

சீசன் தொடங்கியதும் இவர்கள் பந்தயக் கணிப்புக்கு மாறுவார்கள். சூத்திரம் எளிது. 800 பேருக்குச் செய்தி போகும்: 400 பேரிடம் இந்த ரிசீவர் 60 யார்டு தாண்டுவார், மற்ற 400 பேரிடம் தாண்டமாட்டார். எது நடந்தாலும் 400 பேருக்குச் சரி. அடுத்த வாரம் அந்த 400-ஐ இரண்டாகப் பிரிப்பார்கள், அதற்கடுத்த வாரம் 200-ஐ. மூன்றாம் வாரம் 100 பேர் மூன்றுக்கு மூன்று சரியாகக் கேட்டிருப்பார்கள், அவர்களுக்கு இவர் தெய்வம். மாதம் 300 டாலர் கேள்வி கேட்காமல் கட்டுவார்கள். கூடவே ஒரு பந்தயத் தளத்தின் இணைப்பும் வரும். நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன், பல நேரம் நீங்கள் தோற்கத் தோற்க அவருக்கு வருமானம். டெக்சாஸில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. வெளிநாட்டுத் தளத்தில் பணம் மாட்டினால் எந்த அலுவலகமும் எடுத்துத் தராது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள்.

இவர்கள் பிழைப்பதற்கு லீக் நிர்வாகமும் ஒரு காரணம். சீசனில் ஒவ்வொரு வாரமும் காய அறிக்கை கட்டாயம். ஆகஸ்டில் அது கிடையாது. யார் முதலில் ஆடுவார், யார் மாற்று என்று காட்டும் ஆட்ட வரிசைப் பட்டியலாக அணிகள் வெளியிடும் தாளிலேயே ‘அதிகாரப்பூர்வமற்றது’ என்று போட்டிருக்கும். அதிகாரப்பூர்வமில்லாததை அணியே ஏன் அச்சிடுகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முக்கிய ஆட்டக்காரர்கள் பாதி நேரம் பெஞ்சில் உட்காரும் முன்னோட்ட ஆட்டத்துக்கும் சீசன் டிக்கெட்காரரிடம் காசு வாங்கத் தெரிகிறது, தொடைத் தசை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

ஏல அறையில் ஒரு விஷயம். ஐபிஎல் ஏலம் பார்த்திருப்பீர்கள், பையில் காசு நிறைந்திருக்கும் முதல் அரைமணியில்தான் பைத்தியக்கார விலை போகும். உங்கள் ஏலத்தில் வீரர் பெயரை வரிசையாக நீங்களே முன்மொழிவீர்கள். உங்கள் முறை வரும்போது, வேண்டாத பெரிய பெயர்களை முதலில் சொல்லி மற்றவர்கள் காசைக் கரையுங்கள். ஹாரிசன் பெயரை நீங்களாக எடுக்காதீர்கள். உங்கள் குழுவில் அவரை வெறித்தனமாக நம்பும் பாதிப் பேரில் ஒருவர் எப்படியும் எடுப்பார், அவர்களே 30-க்கு ஏற்றிக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியம் தேதி. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஏலம் வைப்பது சரியில்லை. 2025-இல் அணிகள் 53 பேராகச் சுருக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 26. சீசன் தொடங்குவது செப்டம்பர் 4, உங்கள் ஊர் கவ்பாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் ஆடும் வியாழக்கிழமை. கார்டினல்ஸுக்கு 7-ஆம் தேதிதான் முதல் ஆட்டம். உங்கள் லீக்கை நடத்தும் கமிஷனர் சக ஊழியர்தானே, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஹாரிசனுக்கு 20 வேண்டாம், 17-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.