99.99 சதவீதம் என்று சொல்லும் சர்வரை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் புது டேட்டாபேஸ் சர்வர் வாங்க இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. இரண்டிலும் 99.99 சதவீதம் நிற்காமல் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றில் வேகம் அதிகம், விலையும் அதிகம். எது நம்பகமானது என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: அந்த 99.99-ஐ முதலில் நேரமாக்கிப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம். ஆனால் எந்தக் கோளாறைத் தாங்கி அந்த எண் வந்தது, நின்று எழுந்த பிறகு கணக்கு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அதில் இல்லை. ஆகவே அதை வைத்து இரண்டையும் ஒப்பிட முடியாது.

வேகத்தை ஒப்பிடப் பொது அளவுகோல் உண்டு. கணினி நிறுவனங்கள் சேர்ந்து 1988-ல் தொடங்கிய டிபிசி (TPC) அமைப்பு 1992-ல் கொண்டுவந்த, டேட்டாபேஸ் பரிவர்த்தனை வேகத்தை அளக்கும் டிபிசி-சி சோதனையில் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே வேலை, ஒரே விதி. நம்பகத்தன்மைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றுதான் 2001-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் டிபெஞ்ச் என்ற கூட்டு ஆய்வு தொடங்கியது. பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள லாஸ் (LAAS) ஆய்வகத்துடன் கோயிம்ப்ரா, சால்மர்ஸ், எர்லாங்கன், வலென்சியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. ஓர் ஆய்வகம் தன் வசதிக்கேற்ற பழுதை உண்டாக்கி அளந்தால், அதே எண் இன்னொரு இடத்தில் வராது. எந்தப் பழுதை, எப்போது, எப்படி உண்டாக்குவது என்பதில் பலர் ஒத்துப்போனால்தான் அது அளவுகோல் ஆகும்.

உங்களுக்கு நேரடியாக உதவுவது போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ வியேராவும் என்ரிக் மடெய்ராவும் டேட்டாபேஸுக்காக உருவாக்கிய சோதனை. டிபிசி-சி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று பழுதை உண்டாக்குவார்கள். அப்புறம் வேகம் எவ்வளவு இறங்கியது, சர்வர் பக்கமிருந்து பார்த்தால் அது எவ்வளவு நேரம் இயங்கியது, பயனர் பக்கமிருந்து பார்த்தால் எவ்வளவு நேரம் பயன்படுத்த முடிந்தது, தரவில் எத்தனை பிழை என்று அளப்பார்கள். சர்வரையும் பயனரையும் பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சர்வர் எழுந்துவிட்டதாகச் சொல்லும், கவுண்டரில் ரசீது போட முடியாது. இது நடக்கிற கதைதான்.

நிர்வாகி செய்யும் தவறையும் அவர்கள் பழுதாகவே சேர்த்தார்கள். அது அவசியம். 1985-லேயே, நிற்காமல் ஓடும் கணினிகளைத் தயாரித்த டாண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே, கணினிகள் நிற்பதற்கு நிர்வாகத் தவறுகளே முதல் காரணம், வன்பொருள் பழுது அதற்கு வெகுவாகப் பின்னால்தான் என்று காட்டியிருந்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு விற்பனையாளர்களிடமும் ஒரு வாரத்துக்கு டெமோ இயந்திரம் கேளுங்கள். உங்கள் தரவின் நகலை ஏற்றி, கூட்டம் அதிகமான ஒரு நாளின் பரிவர்த்தனைகளை ஓடவிடுங்கள். நடப்பு சர்வரில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வேலை ஓடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸை நிறுத்தினால் போதாது, சர்வரின் கம்பியையே பிடுங்க வேண்டும். "பதிவாகிவிட்டது" என்று திரையில் வந்த பிறகும் தரவு டிஸ்கின் தற்காலிக நினைவகத்திலேயே இருந்திருக்கலாம். மின்சாரம் போனால் அந்த ரசீதுகள் மாயமாகும். அதனால் வெற்றி என்று வந்த ஒவ்வொரு ரசீது எண்ணையும் வேறொரு கணினியில் குறித்துவைத்து, சர்வர் எழுந்த பிறகு ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு (RAID) அமைப்பிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்கை உருவிவிட்டு, புதிய டிஸ்கைச் செருகுங்கள். 2000-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆரன் பிரவுனும் டேவிட் பேட்டர்சனும் லினக்ஸ், சோலாரிஸ், விண்டோஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களின் ரெய்டையும் இப்படிச் சோதித்தார்கள். லினக்ஸ் பயனரின் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, இழந்த டிஸ்கை மெதுவாகத்தான் மீட்டது. சோலாரிஸ் மீட்பதை முதலில் வைத்தது. மெதுவாக மீட்கும்போது இரண்டாவது டிஸ்கும் போனால் தரவே போய்விடும். கடன் சங்கத்துக்கு நான் வேகமாக மீட்பதையே தேர்வு செய்வேன், கவுண்டர் அரை மணி நேரம் மெதுவானாலும் பரவாயில்லை.

மூன்றாவதாக, நிர்வாகி தவறிச் செய்வதுபோல உறுப்பினர் அட்டவணை ஒன்றை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்கச் சொல்லுங்கள். அதை விற்பனையாளரின் பொறியாளர் செய்யக்கூடாது, தினமும் அந்த சர்வரைப் பார்க்கப்போகும் உங்கள் ஊழியரே செய்யட்டும். டிஸ்க் நிரம்பிப்போவதையும் ஒருமுறை பாருங்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு இயந்திரத்திலும் அதே நிமிடத்தில், மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் முடிவு வெகுவாக மாறினால் அதுவே எச்சரிக்கை. அடுத்த ரசீது போட எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை ரசீது காணவில்லை என்று இரண்டை மட்டும் குறித்தால் போதும். ஒரு ரசீது காணாமல் போனாலும் அந்த இயந்திரம் எவ்வளவு வேகமானதானாலும் ஒதுக்குங்கள். அரை நாள் நின்றால் உறுப்பினர் மறுநாள் வருவார். அவர் கட்டிய தவணை கணக்கில் இல்லையென்றால் அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

டெமோ தர மறுத்தால், இதே சோதனைகளைக் கொள்முதல் ஆணையில் எழுதி, சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று நிபந்தனை போடுங்கள்.