ஆன்லைனில் கடல்சாமந்தி வாங்கும் முன்

கேள்வி: மதுரையில் வீட்டில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். 190 லிட்டர் பிடிக்கும். அமைத்து மூன்று மாதம் ஆகிறது. ஓசெலாரிஸ் கோமாளி மீன் ஜோடி ஒன்று நலமாக இருக்கிறது. அவற்றுக்கு ஒரு கடல்சாமந்தி (அனிமோன்) வாங்கிவிட ஆசை. ஆன்லைனில் ஒருவர் ஊதா நிறக் கார்ப்பெட் அனிமோன் (கம்பளம்போல் விரியும் வகை) படம் போட்டு, மலிவு விலையில் பஸ் பார்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? வந்தபின் எப்படிப் பராமரிப்பது?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தொட்டிக்கு ஆறு மாதம் ஆனபின் வாங்கினாலும் அந்த ஊதாக் கார்ப்பெட் வேண்டாம்.

இயற்கையில் ஊதாக் கார்ப்பெட் உண்டு. ஆனால் அரிது, விலையும் கூடுதல். மலிவாக வரும் பளீர் ஊதா, எலுமிச்சை மஞ்சள், ரோஸ் நிறங்களில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. அனிமோனின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்கு உணவு தயாரிக்கிறது. பிடித்தபோதும் ஏற்றி அனுப்பியபோதும் பட்ட பாட்டில் அந்தப் பாசியை இழந்து வெளுத்துப்போனதைத்தான் சாயத்தில் முக்குகிறார்கள். சில வாரங்களில் சாயம் கரையும். பட்டினி கிடந்த உடல் சுருங்கிக்கொண்டே போகும்.

சாயம் இல்லாவிட்டாலும் கார்ப்பெட் உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. ஹடோனி என்ற கார்ப்பெட் இனம் அரை மீட்டரைத் தாண்டி விரியும், பக்கத்தில் தூங்கும் மீனைப் பிடித்து விழுங்கும். கடலில் அதோடு வாழ்வது நம் பக்கத்து செபே கோமாளி மீன், ஓசெலாரிஸ் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மீன்களுக்கு அனிமோன் அவசியமே இல்லை. கடலில் அது எதிரிகளிடமிருந்து தப்பும் புகலிடம்; தொட்டியில் எதிரி கிடையாது. பொரிப்பகத்தில் பிறந்த ஜோடி என்றால் அனிமோனைத் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். ஆகவே அனிமோனை அதன் பொருட்டே வளர்க்க விருப்பம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நல்ல நீரில் இது பல பத்தாண்டுகள் வாழும் உயிர். ஸ்காட்லாந்தில் 1828-இல் இயற்கையியலாளர் ஜான் டேலியல் கரையோரப் பாறையிலிருந்து எடுத்துவந்த ஓர் அனிமோன், கண்ணாடிச் சாடியிலேயே கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. அது குளிர்கடல் இனம், வளர்ப்பதும் எளிது. என்றாலும் வாங்கிய அனிமோன் மூன்று மாதத்தில் சாவது அதன் இயல்பான ஆயுள் இல்லை என்பதற்கு அது போதும்.

எதை வாங்குவது என்றால், பபிள் டிப் அனிமோன். அறிவியல் பெயர் எண்டக்மியா குவாட்ரிகலர். தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும் என்பதால் கடலில் பிடிக்காமலே கிடைக்கிறது. சராசரியாக 20 முதல் 30 சென்டிமீட்டர் விரியும். கடலில் ஓசெலாரிஸின் துணை இதுவல்ல. தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

மூன்று மாதத் தொட்டி ஏன் போதாது? அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம் ஆகியிருக்கும், மீனுக்கு அது போதும். அனிமோனின் உடலே கடல்நீரை நிரப்பிய பை; வெளியே உப்பு ஏறி இறங்கினால் உள்ளேயும் உடனே ஏறி இறங்கும். அளவுகள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்குத் தொட்டிக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆக வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்பின் ஒப்படர்த்தி 1.025-1.026, பி.எச். 8.1-8.4, காரத்தன்மை 8-10 டி.கே.எச்., நைட்ரேட் 5-15 பி.பி.எம். இவை இரண்டு மாதம் தொடர்ந்து அசையாமல் நின்றால் ஆர்டர் போடலாம். தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியிருந்தால் அதில் அனிமோனை விடவே கூடாது. செம்பு கல்லிலும் மணலிலும் தங்கி, பிறகு கசியும்.

மதுரையில் பெரிய சிக்கல் வெப்பம். சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும். விளக்கும் மோட்டாரும் மேலும் கூட்டும். மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் 2 முதல் 4 டிகிரி குறையும், அதற்குமேல் குறையாது. உங்கள் தொட்டிக்குக் கால் எச்.பி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) தேவை. அது சூடான காற்றை வெளியே தள்ளும், எனவே மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

190 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக உண்மையில் 150 லிட்டர்தான் நீர் இருக்கும். ஒரு நாளில் 5 லிட்டர் ஆவியானால் உப்பு 35 பி.பி.டி.யிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 36-ஐத் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை குடம் நிறைய ஊற்றிச் சரிக்கட்டுவது அனிமோனைக் கொல்லும் வழி. தானியங்கி நீர்நிரப்பி பொருத்துங்கள், அதில் உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் விடுங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மெஷின் இதற்கு உதவாது. சுவைக்காகக் கொஞ்சம் குழாய் நீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு பலவற்றில் இருக்கிறது. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) 5-க்குள் வர வேண்டும், டி.ஐ. (அயனிநீக்கி) ஃபில்டர் சேர்த்தால் வரும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் பூஜ்யத்துக்கு வைப்பதோடு விடாமல், 35 பி.பி.டி. அளவுத்திரவத்திலும் சரிபாருங்கள்.

வாரம் 15 லிட்டர் நீர் மாற்றுங்கள். அதற்குச் செயற்கைக் கடலுப்பு சுமார் 550 கிராம் பிடிக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் கலக்கியபின் அளந்தே ஊற்ற வேண்டும்.

நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். வந்த முதல் வாரத்தில் அனிமோன் இடம் தேடி நகரும், இரவில்தான் அதிகம் நகரும். மூடாத வேவ்மேக்கருக்குள் இழுபட்டால் காலையில் தொட்டி முழுக்கத் துண்டு துண்டாக மிதக்கும். அழுகும் சதையிலிருந்து வரும் அம்மோனியாவில் மீன்களும் போய்விடும். எல்லா வேவ்மேக்கருக்கும் சம்ப்புக்கு (கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்கு) நீர் வழியும் ஓவர்ஃப்ளோவுக்கும் நுண்வலை அல்லது ஸ்பாஞ்ச் உறை மாட்டிவிட்டுத்தான் பார்சலை வரவழைக்க வேண்டும். உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் நீரோட்டம் குறைந்துவிடும்.

விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் எடுத்ததாக, உங்களுக்கு அனுப்பப்போகும் அதே அனிமோனாக இருக்க வேண்டும். வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கல்லில் ஒட்டியிருக்கிறதா, உணவு கொடுத்தால் அதன் கைகள் (வாயைச் சுற்றிய விரல்போன்ற உறுப்புகள்) பிடித்து வாய்க்குக் கொண்டுபோகின்றனவா என்று பாருங்கள். கைகள் ஒளி ஊடுருவும் வெண்மையாக இருந்தால் வெளுத்தது. அவருடைய தொட்டிக்கு வந்து எத்தனை நாள், பிரிந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். எதுவானாலும் மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும். பிரிந்த காயம் ஆறும் முன் பயணம் தாங்காது. "கடலில் பிடித்து நேற்றுத்தான் வந்தது, ஃபிரெஷ்" என்பவரிடம் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் எதைப் பிடிப்பதும் குற்றம். உயிர்ப்பாறையோடு (நுண்ணுயிர்கள் வாழும் கடல்பாறை) சேர்த்து அனுப்புகிறேன் என்றாலும் எச்சரிக்கையாக இருங்கள். வன்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கல்லில் அவை ஒட்டியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவற்றை வைத்திருப்பவர் நீங்கள்தான்.

பார்சலை மார்கழி, தை மாதங்களில் வரவழையுங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம். வாரத் தொடக்கத்தில், இரவு வண்டியில் ஏற்றிக் காலையில் கையில் கிடைக்கும்படி இருக்கட்டும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன், இரட்டைப் பை, தெர்மாகோல் பெட்டி. செத்து வந்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பையைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுப்பது நல்லது.

வந்தவுடன் தொட்டி விளக்கை அணையுங்கள். பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். தொட்டி நீரைப் பைக்குள் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். நீண்ட பயணம் செய்த பைக்கு அது கேடு. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா நச்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா நச்சாக மாறும். பைநீரின் உப்பு அளவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, வித்தியாசம் சிறிதென்றால் அரைமணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பைநீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வலை அனிமோனின் கைகளைக் கிழிக்கும், எனவே கையுறை போட்ட கையில் ஏந்தி எடுங்கள். அடிப்பாதம் மெல்ல நுழையும்படி ஒரு பாறை இடுக்கில் வைத்து, ஒட்டும்வரை சில மணி நேரம் வேவ்மேக்கரை நிறுத்துங்கள்.

விளக்கைப் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். அனிமோன் இருக்கும் உயரத்தில் பார் அளவு (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 150-250 போதும். அது நகர்ந்தால் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம்.

முதல் வாரம் உணவு வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை, கழுவிய பச்சை இறாலில் 5 முதல் 8 மில்லிமீட்டர் துண்டு. மறுநாள் துப்பியிருந்தால் துண்டு பெரிது. தினமும் ஒருமுறை சுருங்கிப் பழுப்புச் சளியை வெளியேற்றுவது இயல்பு, பயப்பட வேண்டாம். வாய் பிளந்து உள்சதை தொங்கினால், ஒரு நாளுக்குமேல் ஒட்டாமல் உருண்டால், உங்கள் கை பட்டதும் சதை கரைந்து நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுத்து, 30 சதவீத நீரை மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் போடுங்கள். பிழைத்துவிடும் என்று காத்திருந்தால் மீன்களையும் இழப்பீர்கள்.

உங்கள் கோமாளி ஜோடி புதிய அனிமோனை ஓயாமல் உரசித் தொல்லை செய்தால் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையால் அனிமோனைச் சில நாள் மூடி வையுங்கள். மின்வெட்டுக்கு வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள். அனிமோன் ஒருநாள் இரண்டாகப் பிரியக்கூடும். நன்றாக வளர்ந்தாலும் பிரியும், நீர் கெட்டாலும் பிரியும். எனவே அன்றே உப்பையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். புதியதை இன்னொருவருக்குக் கொடுப்பதானால் வாய் முழுதாக உருவாகி உணவு உண்ணத் தொடங்கியபின், மூன்று வாரம் கழித்துக் கொடுங்கள்.