நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல், முதலாம் ஆண்டு. வகுப்பு மூன்றரைக்கு முடியும். நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி., தமிழ் மன்றம் எல்லாவற்றுக்கும் பெயர் கேட்கிறார்கள். "எல்லாத்துலயும் குடுத்து வை, சர்டிபிகேட் சேரும்" என்கிறார் சீனியர் அக்கா. "படிக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியா" என்று கேட்கிறார் அம்மா. ஏழு நாள் முகாமுக்கெல்லாம் விடவே மாட்டார். நான் எதில் சேர்வது? இதெல்லாம் வேலைக்கு உதவுமா?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த நாலேகால் பஸ்தான். நான் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்த வருடங்களில், ஜூலையில் ஆசையாகப் பெயர் கொடுத்துவிட்டு செப்டம்பரில் காணாமல் போன பிள்ளைகள் பலர். கூப்பிட்டு விசாரித்தால் ஆர்வம் போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஸ், வீட்டு வேலை, டியூஷன், இப்படித்தான் பதில் வரும். ஆகவே எந்த அமைப்புக்கு மதிப்பு அதிகம் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த அமைப்பின் வேலை எந்தக் கிழமை, எந்த நேரத்தில் நடக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் நேரத்துக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு வருடம் விடாமல் செய்யுங்கள். நாலு இடத்தில் பெயர் மட்டும் இருந்தால் நாலிலும் வருகைப் பதிவுதான் மிஞ்சும்.

இவற்றில் அவசரமாக முடிவெடுக்க வேண்டியது என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை மட்டும்தான். அதில் பி சான்றிதழுக்கு இரண்டு வருடப் பயிற்சி, சி சான்றிதழுக்கு மூன்று வருடம். முதலாம் ஆண்டில் விட்டுவிட்டால் இளநிலைப் படிப்பு முடிவதற்குள் சி சான்றிதழ் வாங்க முடியாது. ராணுவம், போலீஸ் என்று சீருடை வேலையில் உண்மையான ஆசை இருந்தால் அதை விடாதீர்கள். சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு எழுதாமலே ராணுவ அதிகாரி வேலைக்கான நேர்காணலுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. பெண்களுக்கும் உண்டு. அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி சென்னை பரங்கிமலையில். ஆனால் பரேடு காலை ஆறரைக்கு என்றால் உங்கள் ஊரிலிருந்து வந்து சேர முடியாது. சனிக்கிழமை பரேடு என்றால் பார்க்கலாம். சீருடை வேலையில் ஆசை இல்லை என்றால், தோழி சேர்கிறாள் என்பதற்காகச் சேர வேண்டாம். பரேடில் 75 சதவீத வருகை இல்லாமல் சான்றிதழ்த் தேர்வு எழுத விட மாட்டார்கள். இன்னொன்று, என்.சி.சி.யில் இருப்பவர் என்.எஸ்.எஸ்.ஸில் சேர முடியாது. எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கச் சொன்ன சீனியருக்கு இது தெரியவில்லை போல.

அடுத்தது என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருடத்தில் 240 மணி நேர வேலை, கூடவே ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டும் முடித்தால் சான்றிதழ். 120 மணி என்றதும் மலைக்க வேண்டாம். வகுப்பு நடக்கிற 30 வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் நாலு மணி நேரம்தான் வரும்.

அந்த 120 மணி நேரம் எப்படிப் போக வேண்டும் என்பதை மாணவர்கள் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். அறிமுகப் பயிற்சிக்கு 20 மணி, கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு 30 மணி, மீதி 70 மணி வெளியே மக்களோடு. கணக்கு இதுதான். விழாவுக்கு நாற்காலி போடுவது, மைதானத்தில் குப்பை பொறுக்குவது, விருந்தினருக்கு வரவேற்பு கொடுப்பது என்றே வருடம் ஓடிவிடுகிற கல்லூரிகள் இருக்கின்றன. அந்த வேலைகள் தாழ்ந்தவை அல்ல. ஆனால் முப்பது மணிக்கு மேல் அதிலேயே போனால் உங்களுக்கு என்.எஸ்.எஸ். கிடைக்கவில்லை என்று அர்த்தம். போன வருடம் வெளியே என்ன செய்தார்கள் என்று இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் விசாரித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என்.எஸ்.எஸ். வேலைக்காகக் கல்லூரி தத்தெடுத்த கிராமத்தின் பெயரைக் கேட்டதும் சொல்கிறார்களா, அங்கே யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒய்.ஆர்.சி. என்கிற இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும், ஆர்.ஆர்.சி. என்கிற செஞ்சுருள் சங்கமும் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு ஏற்றவை. முதலுதவிப் பயிற்சி, எச்.ஐ.வி. விழிப்புணர்வு, ரத்த தானம் என்று பெரும்பாலும் கல்லூரி நேரத்துக்குள்ளேயே முடியும். ரத்தம் கொடுக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. முதலாம் ஆண்டுப் பெண்களில் பலரை இந்த அளவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிலர் அழுதே பார்த்திருக்கிறேன். அழ வேண்டாம். தனக்கு ரத்தசோகை இருக்கிறது என்று ஒரு பெண் முதல்முறையாகத் தெரிந்துகொள்வது அந்த மேசையில்தான் என்றால், அன்றைக்கு முகாம் அவளுக்குத்தான் உதவியிருக்கிறது. டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குங்கள். ரத்தம் கொடுக்க முடியாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. படிவம் நிரப்ப வேண்டும், கொடுத்துவிட்டு எழுந்திருப்பவருக்குத் தலை சுற்றுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அப்புறம் ரத்த வகை வாரியாகத் தொலைபேசிப் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் ஒருவருக்கு ரத்தம் கிடைப்பது அந்தப் பட்டியல் சரியாக இருப்பதால்தான்.

இனி நான் சொல்லப்போவது நோட்டீஸ் போர்டில் வராத வேலை. உங்கள் கல்லூரியில் தமிழ், வரலாறு, ஆங்கிலத் துறைகளில் பார்வையற்ற மாணவர்கள் யாராவது படிக்கிறார்களா என்று விசாரியுங்கள். செமஸ்டர் வரும்போதெல்லாம் தேர்வு எழுதித் தர ஆள் தேடி அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஸ்கிரைப் என்று சொல்வார்கள். சொல்வதைக் கேட்டு எழுதித் தருபவர். உங்களுக்குத் தேர்வு இல்லாத நாளில், பகல் நேரத்தில், கல்லூரிக்குள்ளேயே நடக்கும் வேலை. நாலேகால் பஸ்ஸுக்கு இதனால் தொந்தரவு வராது. எங்கள் கல்லூரியில் வேறு துறை மாணவரைத்தான் அனுமதிப்போம். உங்கள் கல்லூரி விதியைத் தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கென்று சில முறைகள் உண்டு. கேள்வித்தாள் முழுவதையும் மதிப்பெண்ணோடு ஒருமுறை நிதானமாக வாசியுங்கள், பிறகுதான் முதல் கேள்வி. அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்த நல்ல வாக்கியத்தைச் சேர்க்கவும் கூடாது, அவர் தவறாகச் சொன்னதைத் திருத்தவும் கூடாது. அது அவருடைய தேர்வு. "இதுவரை ஒரு பக்கம் ஆகியிருக்கிறது", "இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது" என்று அவ்வப்போது சொல்லுங்கள். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அந்த நேரம் கிடைக்கிறதா என்று கவனிக்க வேண்டியதும் உங்கள் பொறுப்பு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அன்று காலை வராமல் போவது மட்டும் கூடவே கூடாது. உடம்பு முடியவில்லை என்றாலும் பதிலுக்கு ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும். எழுதித் தருவதற்குத் தயக்கமாக இருந்தால், பாடப் புத்தகங்களை வாசித்து செல்போனில் பதிவு செய்து கொடுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்பார்.

நீங்கள் வேதியியல் மாணவி என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து (டைட்ரேஷன்) தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பதை ஆய்வகத்தில் சொல்லித் தருவார்கள். அதற்கு உங்கள் ஊர்த் தண்ணீரையே கொண்டு போகலாம். தெருக்குழாய், அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடத்துக் குழாய் என்று நாலைந்து பாட்டிலில் பிடித்து, ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும் எழுதி ஒட்டி, ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அளந்து பாருங்கள். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. துறை மன்றத்தின் பெயரில் செய்தால் இரண்டு மூன்று தோழிகளும் சேர்ந்துகொள்வார்கள். முடிவைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்ததை வைத்து "இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்று நீங்களே ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம். அளவு கூடுதலாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ் மன்றம் மதிய இடைவேளையில் கூடுமானால் தாராளமாகச் சேருங்கள். மேடையில் பேசுவது மட்டும்தான் மன்றம் என்று நினைக்க வேண்டாம். விருந்தினருக்குக் கடிதம் எழுதுவது, செலவுக்கு ரசீது வாங்கிக் கணக்கு ஒப்படைப்பது, நிகழ்ச்சி அறிக்கை எழுதுவது இதெல்லாம் பின்னாளில் எந்த அலுவலகத்திலும் தேவைப்படும். எந்த மன்றத்திலும் சேராமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கண்மாய்க்கரையில் கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். விடுமுறை நாள் என்பதால் தம்பி தங்கையையும் கூட்டிப் போகலாம். சென்னையில் படிப்பவர்கள் என்றால் இதே கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு நடை அங்கே இருக்கிறது. முட்டையிடும் காலத்தில் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைப்பார்கள்.

வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. கலை அறிவியல் படிப்புகளில் பகுதி ஐந்து என்று விரிவாக்கப் பணிக்குத் தனி கிரெடிட் வைத்திருக்கிறார்கள், ஆகவே ஏதாவது ஒன்றில் சேரத்தான் வேண்டியிருக்கும். தனியார் நிறுவன நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் பேச ஒரே ஒரு வேலை போதும். நான் முதன்முதலில் நடத்திய முகாமில் ஒரு கிராமத்துச் சாலையோரம் வரிசையாக மரக்கன்று நட்டோம். போட்டோ எடுத்தோம், கைதட்டினோம். அடுத்த வருடம் போனபோது ஒன்றுகூட இல்லை. தண்ணீர் ஊற்றுவது யார் என்று நட்ட அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு கன்று என்று வாசலில் வைத்து, அந்த வீட்டுப் பாட்டியின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டோம். எத்தனை பிழைத்தது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் எண்ணி வந்த மாணவிகள், எந்த நேர்காணலிலும் வார்த்தைக்குத் திணறியதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. முன்பின் தெரியாத ஊரில் ஏழு ராத்திரி என்றால் எந்தத் தாயும் யோசிப்பார். அதனால் முகாம் நோட்டீஸ் வந்த பிறகு கெஞ்சாதீர்கள், இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். எங்கே தங்குவார்கள், எந்தப் பெண் ஆசிரியர் இரவில் கூடவே இருப்பார், கழிப்பறை எப்படி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போய்த் திட்ட அலுவலரிடம் கேட்டுப் பதில் வாங்கி வாருங்கள். பெண் ஆசிரியரின் எண்ணை அம்மாவிடம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். முகாம் இரண்டு வருடத்தில் ஒன்று முடித்தால் போதும், ஆகவே இந்த வருடமே என்று கட்டாயம் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. முகாம் எந்த ஊரில் என்று யாராவது ஒருவர் முடிவு செய்யத்தானே வேண்டும்? உங்கள் ஊரில் என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். தூர்ந்துபோன ஊருணி, சீமைக்கருவேலம் மண்டிய பள்ளி மைதானம், கால்நடை டாக்டர் எட்டிப் பார்க்காத தெரு என்று எதுவானாலும் எழுதுங்கள். மாணவிகள் தங்கச் சமுதாயக் கூடமோ பள்ளிக் கட்டடமோ தர முடியும் என்று ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு திட்ட அலுவலரைப் பாருங்கள். தூரம் ஒத்துவந்தால் அவரும் சந்தோஷப்படுவார். முகாமுக்கு ஊர் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அப்படி அமைந்துவிட்டால் ஏழு நாளும் நீங்கள் தோழிகளோடு தங்கலாம், அம்மா ஒரு நாள் மதியம் குழம்பு கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவார்.